பழைய பத்திரங்களையும் கோர்ட் கட்டுகளையும் வைத்துக் குடும்ப வரலாற்றைத் தேட முடியுமா?

தாத்தாவின் அப்பா பெயருக்கு மேல் எதுவும் தெரியவில்லை, பத்திர ஆபீசிலும் கோர்ட்டிலும் தேடினால் ஏதாவது கிடைக்குமா, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. ஆனால் முதல் ஆறு மாதம் நான் தவறான வழியில் தேடினேன், அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்: ஆளைத் தேடாதீர்கள், நிலத்தைத் தேடுங்கள்.

ஆளின் பெயர் ஒரு நிலையில் நிற்காது. சாமி பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று. ஒரு பத்திரத்தில் நடுவில் 'என்கிற' போட்டு இரண்டையும் எழுதியிருப்பார்கள், அடுத்ததில் ஒன்றுதான் இருக்கும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கத்தால், ஒரே தெருவில் அப்பா பெயரும் மகன் பெயரும் அச்சாகப் பொருந்துகிற இரண்டு பேர் இருப்பார்கள். வயல் அப்படி இல்லை. எண் மாறினாலும் இடம் அங்கேயே இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், வாய்க்காலை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நஞ்சை எங்களுக்கு இருந்ததாம். கொள்ளுத்தாத்தா இறந்ததும் பங்காளி ஒருவர் ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவுக்குக் குரல் உயரும். சரி, எழுதிக் கொடுத்த கொள்ளுப்பாட்டியின் பெயர் என்ன என்று கேட்டால் அப்பாவுக்குத் தெரியாது. அத்தைக்கும் தெரியாது.

வயல் எது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் அதன் புல எண்ணை, அதாவது சர்வே நம்பரைக் கேட்டு, கிராமத்து நிலங்களையெல்லாம் எண் வாரியாக எழுதியிருக்கும் அ-பதிவேட்டைப் பார்த்தேன். இப்போதுள்ள எண்கள் பெரும்பாலும் 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர் திட்டத்தில் வந்தவை. பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கும் ஒரு கலம் இருக்கும். அதுதான் சாவி. பழைய எண் கையில் இல்லாமல் பத்திர ஆபீசுக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

இணையத்தில் வில்லங்கம் (ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டால் பெரும்பாலும் 1975-க்கு முன்னால் போகாது. அதற்கு முந்தைய வருடங்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, தேடுகூலி கட்டிக் கையால் தேட வைக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் பத்திரப்பதிவு 1860-களிலேயே தொடங்கிவிட்டது, அதனால் நான்கைந்து தலைமுறைக்குப் பதிவு இருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் ஊர் இடையில் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருக்கலாம், பழைய புத்தகம் பழைய இடத்தில் இருக்கும். இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

'நீங்கள் யார், உங்களுக்கு எதற்கு' என்று கேட்டால் தயங்க வேண்டாம். 1908-ம் வருடப் பதிவுச் சட்டம் 57-வது பிரிவின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறுகிற 1-வது புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில்கள் இருக்கும் 3-வது புத்தகத்தில், எழுதியவர் இறந்த பிறகு யாரும் நகல் கேட்கலாம். உயிலை மறந்துவிடாதீர்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பெரும்பாலும் மகன்கள் பெயர் மட்டும்தான் வரிசையாக இருக்கும், மகள்கள் உயிலிலும், கல்யாணச் சீராக நிலம் கொடுக்கும் மஞ்சள்காணிப் பத்திரத்திலும்தான் தலைகாட்டுவார்கள்.

எங்கள் வயலுக்கு 1936-ல் ஒரு சுத்தக்கிரயம், அதாவது முழு விற்பனை, விழுந்திருந்தது. நகல் வந்த அன்று அதை வாசிக்கவே எனக்கு ஒரு மாலை பிடித்தது. கூட்டெழுத்து, புள்ளி இல்லாத மெய்கள், 'மேற்படி' என்பதற்குப் பதில் வரிக்கு வரி ௸. தேதி 'தாது ௵' என்று தொடங்கியது, ௵ என்றால் வருஷம். தமிழ் வருடப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். தாது வருஷப் பஞ்சம் 1876-ல், அடுத்த தாது 1936-ல். இப்படி ஒன்றிரண்டு வருடங்களை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதை விரல் விட்டு எண்ணிவிடலாம். வரிக் கணக்குகளில் பசலி என்கிற வருவாய் ஆண்டு இருக்கும், அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்குகிற ஆங்கில வருடம். பசலி 1346 என்றால் 1936 ஜூலை முதல் 1937 ஜூன் வரை. டெல்டாப் பக்கம் நில அளவு வேலி, மா, குழியில் வரும். வேலிக்கு 20 மா, மாவுக்கு 100 குழி.

பத்திரத்தின் இரண்டாவது வரியில் கொள்ளுப்பாட்டியின் பெயர் இருந்தது. 'மைனர் குமாரருக்குத் தாயும் கார்டியனும்' என்று. பெயரை இங்கே எழுதவில்லை, அது குடும்பத்துக்குள் இருக்கட்டும்.

அடுத்தது பணம் எப்படிக் கைமாறியது என்ற பகுதி. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பழைய பத்திரத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான். மொத்தம் 900 ரூபாய். அதில் 'என் பர்த்தா தங்களுக்கு எழுதிக்கொடுத்த நோட்டுக்கு அசல் வட்டி சேர்த்து' (புருஷன் எழுதிய கடன் சீட்டுக்கு) 640, 'ஷையாரின் உத்தரகிரியைச் செலவுக்கு' (மேற்படியாரின் கருமாதிக்கு) 60, நாளது தேதியில் ரொக்கம் 200. இவ்வளவு விவரம் எழுதியதற்குக் காரணம் சட்டம். மைனரின் சொத்தைக் கார்டியன் விற்றால் அதற்குக் கட்டாயத் தேவை இருந்ததென்று காட்ட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பிள்ளை மேஜரான பிறகு கிரயத்தை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். அதனால் வாங்குபவரே ஒவ்வொரு செலவையும் எழுதச் சொல்லிவிடுவார். அவர் தன் பாதுகாப்புக்குச் செய்த காரியத்தால், ஒரு விதவை எந்த நிலையில் பேனாவைப் பிடித்தார் என்பது நமக்குத் தெரிகிறது. பேனா என்பதுகூடச் சரியில்லை. அவர் வைத்தது கைநாட்டு. 1930-களின் தொடக்கத்தில் நெல் விலை விழுந்து, நோட்டுக் கடன் வாங்கிய வீடுகளெல்லாம் திணறிய காலம் அது. இந்தக் கடன்களைக் குறைப்பதற்காகவே 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. எங்கள் கிரயம் அதற்கு இரண்டு வருடம் முன்னால் முடிந்துவிட்டது.

நான்கெல்லையையும் சாட்சிகளையும் தனியாக எழுதி வையுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பல நேரம் பங்காளி, சாட்சி போட்டவர் மாமன் மச்சான். எனக்கு இப்படித்தான் ஒரு கிளை முழுக்கத் தெரிய வந்தது.

அப்புறம் கோர்ட். மைனர் என்று பத்திரத்தில் பார்த்தாலே, அந்தப் பிள்ளைக்கு 18 முதல் 21 வயது நடந்த வருடங்களை முன்சீப் கோர்ட்டில் விசாரியுங்கள். ரத்து கேட்டு வழக்குப் போட அவ்வளவுதான் காலம். என் தாத்தா 1947-ல் போட்டிருந்தார். வழக்குப் பதிவேட்டில் எண் கிடைத்தது. கட்டைக் கேட்டால், காலம் கடந்ததால் அழித்துவிட்டோம் என்றார்கள். விதிப்படி அழிப்பதுதான், சண்டை போட்டுப் பயனில்லை. அங்கேயே நான் நின்றிருப்பேன். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர்தான், எதிராளி வீட்டில் போய்க் கேளேன் என்றார்.

கேட்டேன். மூன்று தலைமுறையாகப் பேச்சு இல்லாத வீடு. அந்த வீட்டு அம்மா காபி கொடுத்துவிட்டுப் பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கச் சொன்னார். அப்பீலுக்காக எடுத்த சான்றிட்ட நகல்கள் துணியில் கட்டி அப்படியே இருந்தன. பிராது (வழக்குப் போட்டவரின் மனு), எதிர்வாதம், தீர்ப்பு, சாட்சிகளின் வாக்குமூலம். பிராதோடு ஒரு வம்சாவளியும் இருந்தது, கொள்ளுத்தாத்தாவுக்கு மேல் இரண்டு தலைமுறை. வழக்கில் ஜெயித்தவர்கள் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

எதிராளி தரப்புச் சாட்சிகளில் இரண்டாவது என் கொள்ளுப்பாட்டி. மகன் போட்ட வழக்கில், மகனுக்கு எதிராக. வயது சுமார் 42, தொழில் கூலி. கடனை அடைக்கத்தான் எழுதிக் கொடுத்ததாகவும், யாரும் மிரட்டவில்லை என்றும், மீதி 200 ரூபாயில் பையனைப் படிக்க வைத்ததாகவும் சொல்லியிருக்கிறார். வழக்கு தள்ளுபடி ஆனது. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அதன் பிறகு ஏமாற்றிய கதையை அவர் சொல்லி நான் கேட்கவில்லை.

உங்கள் குடும்பத்தில் இனாம் நிலம் (மானியமாகக் கிடைத்த நிலம்) இருந்திருந்தால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். 1860-களில் எழுதிய இனாம் பதிவேடுகளில் அனுபவித்தவரின் பெயர், வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பது வரை உண்டு. வழக்கு ஐகோர்ட் வரை போயிருந்தால் அச்சான தீர்ப்புத் தொகுதிகளில் இருக்கலாம், இந்தியன் கானூன் தளத்தில் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் போட்டுத் தேடிப் பாருங்கள். பழைய எழுத்துக்கூட்டலில் போடுங்கள், தஞ்சாவூருக்கு 'டாஞ்சூர்' மாதிரி.

நிலமே இல்லாத குடும்பம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். 1892 அரசாணைக்குப் பிறகு ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிபந்தனையோடு கொடுத்த பஞ்சமி நிலத்துக்குப் பதிவேடுகள் உண்டு. அந்தப் பெயர்களைத் தேடி எடுப்பது, இன்று அந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கும் ஆதாரமாகும். மற்றபடி குடிவாரம் (குத்தகைச் சாகுபடி), கடன், கோர்ட் சாட்சி என்று ஏதோ ஒரு காகிதத்தில் நிலமில்லாதவர்களின் கைரேகையும் இருக்கும்.

வாக்குமூலத்தின் கடைசியில் கொள்ளுப்பாட்டி தன் பிறந்த ஊரையும் தகப்பனார் பெயரையும் சொல்லியிருக்கிறார். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். எங்களில் யாரும் அங்கே போனதில்லை. அந்த ஊருக்கான சார்பதிவகத்தில் 1915 முதல் 1930 வரை தேடச் சொல்லி மனு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அப்பாவும் கூட வருகிறேன் என்கிறார்.