ஜாஸ் படிக்க வைக்கலாமா? முதலில் யாரிடம் என்று பாருங்கள்

மகள் ஜாஸ் பியானோதான் வாழ்க்கை என்கிறாள், "சோறு போடுமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கவலை. ஆனால் யாரிடம் கற்கப்போகிறாள் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் உங்கள் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

ஜாஸில் பாதிக்கு மேல் மேடையிலேயே பிறக்கிறது. பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதைக் கேட்டு அந்த நொடியில் பதில் வாசிக்க வேண்டும். இதை அறைக்குள் தனியாக உட்கார்ந்து பழக முடியாது. மூத்தவர் ஒருவரின் குழுவில் இடம் கிடைத்தால்தான் வரும்.

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் 1940இல் பிறந்தவர். பதினோரு வயதில் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவுடன் மோட்சார்ட் வாசித்த பிள்ளை. அப்படிப்பட்டவரே கல்லூரியில் மின் பொறியியல் படிக்கத்தான் சேர்ந்தார், பிறகுதான் இசைப் பக்கம் போனார். (அந்தப் படிப்பு வீணாகவில்லை. பின்னாளில் சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவிகளோடு அவர் அத்தனை இயல்பாகப் புழங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.) டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்டின் பியானோக்காரர் பனிப்புயலில் சிக்கிக்கொள்ள, அவசரத்துக்கு ஹான்காக்கைக் கூப்பிட்டார்கள். பேர்டுக்குப் பிடித்துப்போனது. நியூயார்க்குக்கு அழைத்துப்போய்த் தன் வீட்டிலேயே தங்க வைத்தார்.

திறமையைக் கண்டுபிடித்தது பெரிய விஷயம் இல்லை, அதை வேறு யாராவது செய்திருப்பார்கள். அடுத்து அவர் செய்ததைக் கவனியுங்கள். 1962இல் புளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஹான்காக் தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார். பாடல்களின் பதிப்புரிமையை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்காதே, பாடல் உரிமைகளைக் கவனிக்க உன் பெயரில் ஒரு இசைப் பதிப்பு நிறுவனம் தொடங்கி அதில் வைத்துக்கொள் என்று பேர்ட் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். கேட்கவே கூச்சமான விஷயம், அதுவும் முதல் ஆல்பத்தில்! ஆனால் ஹான்காக் கேட்டார், கிடைத்தது. அந்த ஆல்பத்தில் இருந்த 'வாட்டர்மெலன் மேன்' பாடலைத் தாளவாத்தியக் கலைஞர் மோங்கோ சாண்டமரியா 1963இல் தன் பாணியில் வெளியிட, அமெரிக்கா முழுக்க ஹிட். ராயல்டி ஹான்காக்குக்கு வந்தது. அந்தப் பணத்தில் கோப்ரா ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இளம் வயது, விட்டுவிடுங்கள்.

அதே ஆண்டு ஜாஸ் உலகின் பெரிய டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அவரைத் தன் குழுவுக்கு அழைத்தார். என்னை விட்டுப் போகலாமா என்று பேர்ட் கேட்கவில்லை. அழைப்பு வந்தால் தயங்காமல் போ என்று அவரே வற்புறுத்தினார். மாணவனைக் கையில் பிடித்தே வைத்திருக்கும் ஆசிரியர்கள் எந்தத் துறையிலும் உண்டு. பேர்ட் அந்த ரகம் இல்லை. அவரும் மேடையில் வாசித்துக்கொண்டே படித்தவர்தான்: இசையில் முதுகலை, பின்னாளில் முனைவர் பட்டம், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. மாணவர்களை வைத்தே 'பிளாக்பேர்ட்ஸ்' என்று ஒரு குழுவையும் உருவாக்கினார்.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். கல்லூரியின் பெயரைவிட அங்கே பியானோ சொல்லித்தரும் ஆள் இன்றைக்கும் மேடை ஏறுகிறாரா என்று விசாரியுங்கள். அவருடைய பழைய மாணவர்கள் இருவரிடமாவது பேசுங்கள். எப்படிச் சொல்லித்தந்தார் என்று மட்டும் கேட்காதீர்கள். தன் நிகழ்ச்சிகளில் உங்களையும் வாசிக்க உட்கார வைத்தாரா, முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்த்தாரா, வேறு குழுவுக்குப் போனபோது முகம் சுளித்தாரா என்றும் கேளுங்கள்.

வருமானம் ஒரே இடத்திலிருந்து வராது. மேடை, ஸ்டூடியோ வாசிப்பு, சொல்லித்தருவது, சொந்த இசையமைப்பு என்று நாலா பக்கமும் சேர்ந்துதான் மாதம் ஓடும். ஸ்டூடியோ வேலைக்கு இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கத் தெரிய வேண்டும். அதில் உங்கள் மகள் பலவீனம் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அதை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். அப்புறம், அவள் எழுதிய அந்த இரண்டு டியூன்களை யாருக்கும் அனுப்பும் முன் தேதி போட்டு அவள் பெயரில் பதிவு செய்து வையுங்கள்.