எல்லா வாத்தியமும் நானே வாசித்து ஆல்பம் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 27, தனியார் நிறுவனத்தில் வேலை. கிடார் நன்றாக வரும். டிரம்ஸ், கீபோர்டு ஓரளவு. பாட்டும் நானே எழுதி, வீட்டில் லேப்டாப்பில் பதிவு செய்கிறேன். இரண்டு முறை பேண்ட் சேர்த்தேன், இரண்டும் கலைந்துவிட்டன. டாட் ரண்ட்கிரன் என்ற அமெரிக்க ராக் கலைஞர் தனியாளாகவே ஆல்பம் போட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. நண்பர்களோ "ஏதாவது ஒன்றைப் பிடிச்சுக்கோ" என்கிறார்கள். தனியாளாகப் போடலாமா? எதை முதலில் பதிவு செய்வது? இதில் பணம் வருமா?
- வாசகர், திருச்சி

பதில்: போடலாம். ஆனால் ரண்ட்கிரன் கதை உங்களிடம் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. 1972 பிப்ரவரியில் வந்த 'சம்திங்/எனிதிங்?' ஓர் இரட்டை எல்.பி. (இரண்டு இசைத்தட்டு). அதன் நான்கு பக்கங்களில் மூன்றில்தான் எல்லா வாத்தியமும் எல்லாக் குரலும் அவருடையவை. நான்காம் பக்கத்துக்கு நியூயார்க்கில் ஆட்களைக் கூட்டி, ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். தனியாளாகச் செய்த 'ஐ சா த லைட்' அமெரிக்க ஹிட் பட்டியலில் 16ஆம் இடம் வரை போனது. 5ஆம் இடம் வரை ஏறிய 'ஹலோ இட்ஸ் மீ' நான்காம் பக்கத்துப் பாட்டு. தனியாள் வேலைக்குப் பெயர்போன அந்த ஆல்பத்தின் மிகப் பெரிய ஹிட், பலர் சேர்ந்து வாசித்தது.

அதற்கு முந்தைய ஐந்து வருடத்தையும் பாருங்கள். 1967ல் ஃபிலடெல்ஃபியாவில் 'நாஸ்' என்ற பேண்டைத் தொடங்கி, 1969ல் வெளியே வந்துவிட்டார். உங்களைப் போலவே பேண்ட் இல்லாத நிலை. அப்போது இசைக் கலைஞர்களின் மேனேஜரான ஆல்பர்ட் கிராஸ்மன் அவரைத் தன் பேர்ஸ்வில் நிறுவனத்தில் சவுண்ட் இன்ஜினியராகவும் புரொட்யூசராகவும் சேர்த்துக்கொண்டார். 1970ல் 'தி பேண்ட்' குழுவின் 'ஸ்டேஜ் ஃப்ரைட்' ஆல்பத்துக்கு இன்ஜினியர். 1971ல் பேட்ஃபிங்கர் குழுவின் 'ஸ்ட்ரெய்ட் அப்' வேலையை பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் பங்களாதேஷ் நிதிக் கச்சேரிக்காகப் பாதியில் விட்டுப் போக, முடித்துக் கொடுத்தது இவர்தான். இப்படி அடுத்தவர் பாட்டுக்கு மைக் வைத்து வைத்துக் கை பழகிய பிறகுதான் தனியாக உட்கார்ந்தார்.

நண்பர்கள் சொல்வதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அவர் எதையும் விடவில்லை; ஆனால் சம்பாதிக்கும் வேலை எது, செலவு வைக்கும் வேலை எது என்று பிரித்து வைத்திருந்தார். 1973ல் கிராண்ட் ஃபங்க் குழுவுக்கு அவர் புரொட்யூஸ் செய்த 'வி ஆர் அன் அமெரிக்கன் பேண்ட்' பாட்டு முதலிடம் பிடித்தது. அதே வருடம் அவர் சொந்தமாகப் போட்ட 'எ விசர்ட், எ ட்ரூ ஸ்டார்' பட்டியலில் 86ஐத் தாண்டவில்லை. 1977ல் பாடகர் மீட் லோஃபின் 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' ஆல்பத்துக்குப் புரொட்யூசர், கிடாரிஸ்ட், நடுவில் கம்பெனி கைவிட்டபோது செலவைத் தாங்கியவர் எல்லாம் அவரே. அது கோடிக்கணக்கில் விற்றது. தன் பெயரில் எது வேண்டுமானாலும் செய்து பார்க்கும் தைரியம் அவருக்கு அந்தப் பணத்தில் வந்தது. உங்களுக்கும் முதலில் காசு தரக்கூடியது அடுத்தவர் பாட்டைச் சுத்தமாகப் பதிவு செய்து கொடுக்கும் வேலைதான். சொந்த ஆல்பத்தை அந்த வருமானம் தாங்கட்டும்.

இனி பதிவு. ரண்ட்கிரன் டிரம்ஸை முதலில் வாசித்தார். முழுப் பாட்டையும் மனசுக்குள் பாடிக்கொண்டே வாசிப்பார். எங்காவது தடுமாறினால் நிறுத்தாமல் போய், பிறகு பாட்டையே அந்தத் தடுமாற்றத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார். கேட்க நன்றாக இருக்கிறது, நீங்கள் செய்யாதீர்கள். கிடாரிஸ்ட் டிரம்ஸ் வாசித்தால் ஃபில் (வரிகளுக்கு நடுவே வரும் உருட்டல்) வரும் இடத்தில் வேகம் கூடும், பல்லவிக்குள் நுழையும்போது இன்னும் கூடும். அதன்மேல் வாசிக்கப்போகும் பேஸ், கிடார், குரல் எல்லாவற்றிலும் அதே கை, அதே பழக்கம். பேண்டில் ஒருவர் ஓடினால் இன்னொருவர் இழுத்துப் பிடிப்பார். இங்கே பிடிக்க ஆளில்லை, பிசகு அடுக்கிக்கொண்டே போகும்.

ஆகவே முதலில் ஒரு தாளில் பாட்டின் கணக்கை எழுதுங்கள்: முன்னிசை 4 பார் (தாளச் சுற்று), சரணம் 16, பல்லவி 8 என்று கடைசி வரை. பிறகு கிளிக் (தாளம் காட்டும் டக்-டக் ஒலி) போட்டு, அதன்மேல் ஒரு கிடாரும் குரலும் கொண்ட வழிகாட்டி டிராக். பாட்டுக்கு முன் 2 பார் எண்ணிக்கை விடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு டேக்கிலும் முதல் அடி முன்னே பின்னே விழும். வழிகாட்டியில் குரல் கட்டாயம் வேண்டும். வார்த்தை எங்கே வருகிறது என்று தெரியாமல் வாசித்த டிரம்ஸ், பாடும் இடத்தில் எல்லாம் ஃபில் போட்டு வைத்திருக்கும். பாட்டு இயல்பாகவே பல்லவியில் கொஞ்சம் வேகம் கேட்டால், கிளிக்கையே அங்கே 1 அல்லது 2 பி.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு) கூட்டிவிடுங்கள். வாசித்து முடித்த டிரம்ஸை வெட்டி வெட்டித் திரையிலுள்ள தாளக் கட்டத்தில் ஒட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

டிரம்ஸை வீட்டில் பதிவு செய்ய முயலாதீர்கள். உங்கள் இன்டர்ஃபேஸில் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியில்) இரண்டு இன்புட்தான் இருக்கும், அறையும் சின்னது. ஒரு நாள் ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்து நான்கு பாட்டுக்கு டிரம்ஸை மட்டும் முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். ரண்ட்கிரனும் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டுடியோவிலும் வீட்டில் வைத்திருந்த 8 டிராக் மெஷினிலுமாகத்தான் வேலை பார்த்தார். நான்கு மைக் போதும்: கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (நடுவில் உள்ள சின்ன டிரம்), மேலே இரண்டு. மேலே உள்ள இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். கயிறு பிடித்து அளந்து வையுங்கள். தூரம் மாறினால் ஸ்னேர் ஒரு பக்கம் சாயும், சத்தமும் மெலியும். பிறகு எல்லாவற்றையும் மோனோவில் (ஒரே சேனலாக) கேட்டபடி, கிக்கிலும் ஸ்னேரிலும் போலாரிட்டி பட்டனை (ஒலியலையைத் தலைகீழாக்குவது) ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். எந்த நிலையில் அடிச்சத்தம் கனமாக இருக்கிறதோ அதில் விடுங்கள்.

போலாரிட்டியை அலட்சியமாக விட வேண்டாம். 1986ல் ரண்ட்கிரன் புரொட்யூஸ் செய்த எக்ஸ்.டி.சி. குழுவின் 'ஸ்கைலார்க்கிங்' மாஸ்டரில் (இறுதிப் பதிவில்) அது தலைகீழாக இருந்தது என்று பல வருடம் கழித்துக் கண்டுபிடித்து, 2010ல் திருத்திய பதிப்பு கொண்டுவந்தார்கள். இரண்டு சேனலும் சேர்ந்து புரண்டால் காதுக்கு எளிதில் தெரியாது. அதனால்தான் அத்தனை காலம் தப்பியது.

அடுத்து பேஸ் கிடார். கிக் மட்டும் ஒலிக்கவிட்டு அதோடு சேர்த்து வாசியுங்கள். பிறகு ரிதம் கிடார்: இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கத்துக்கு மறுபடி புதிதாக ஒரு தடவை. ஒரே டேக்கை நகலெடுத்து இரு பக்கமும் வைத்தால் அகலம் வராது, சத்தம்தான் கூடும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூன் பாருங்கள். 12ஆம் ஃப்ரெட்டில் ஸ்வரம் விலகும் கிடார் என்றால் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். தனியாள் பதிவில் ட்யூனிங் பிசகு கடைசியில் ஹார்மனி பாடும்போதுதான் காட்டிக்கொடுக்கும், அப்போது திரும்பிப் போக முடியாது.

24 பிட்டில், உச்சம் மைனஸ் 10 டெசிபல் அருகே நிற்கும்படி பதிவு செய்தால் போதும். சிவப்பு விளக்கு வரை ஏற்றுவது டேப் காலத்துப் பழக்கம். பதிவின்போது பஃபர் (லேப்டாப் ஒலியைத் தேக்கி வைக்கும் அளவு; கூடினால் ஒலி தாமதமாகக் கேட்கும்) 64 அல்லது 128, மிக்ஸின்போது 512க்கு மேல். இதை மாற்றி வைத்துவிட்டு "எனக்குத் தாளமே வரவில்லை" என்று நொந்துகொள்பவர்கள் உண்டு.

குரலுக்கு வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தூரம், நடுவில் பாப் ஃபில்டர். ஒரே ஆள் நாலு ஹார்மனியும் பாடும்போது ச, ட, ப ஒலிகள் நாலு மடங்காகத் துப்பும். முதன்மைக் குரலில் மட்டும் அவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்; மற்ற அடுக்குகளில் சொல்லின் விளிம்பை மழுக்கி, உயிரெழுத்தில் நில்லுங்கள். ஒரே குரல் என்பதால் எல்லாம் ஒட்டிக்கொண்டு தட்டையாகவும் கேட்கும். ஒரு அடுக்கை மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நின்று பாடினால் ஆழம் வரும். 'சம்திங்/எனிதிங்?' இரண்டாம் பக்கத் தொடக்கத்தில் 'இன்ட்ரோ' என்று ஒரு துண்டு இருக்கிறது. ஹிஸ், ஹம், ப-ஒலி வெடிப்பு, மோசமான எடிட் ஆகியவற்றை ரண்ட்கிரன் விளையாட்டாக ஒவ்வொன்றாகச் செய்து காட்டுகிறார். ஹெட்ஃபோனில் கேளுங்கள். இன்றைக்கும் இதைவிடச் சுருக்கமான பாடம் கிடைப்பது கஷ்டம்.

தனியாள் வேலையின் பெரிய தொல்லை, போதும் என்று சொல்ல ஆள் இல்லாதது. எல்.பி.யாவது தானே கொஞ்சம் தடுத்தது. 1975ல் 'இனிஷியேஷன்' ஆல்பத்தில் ஒரே தட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடைத்ததால் சத்தம் குறைந்தது. வேண்டுமானால் டேப்பில் ஏற்றிக் கேளுங்கள் என்று உறையிலேயே அச்சிட நேர்ந்தது. லேப்டாப்பில் அந்தத் தடையும் கிடையாது. பாட்டுக்கு 24 டிராக் என்று நீங்களே எல்லை வையுங்கள். மிக்ஸை வேறொருவரிடம் கொடுங்கள். அடுத்தவர் பாட்டைப் புரொட்யூஸ் செய்யும்போது ரண்ட்கிரன் இந்தக் கண்டிப்பைத்தான் காட்டினார். எக்ஸ்.டி.சி. வந்து சேரும் முன்பே அவர்களுடைய டெமோக்களைக் கேட்டு, எந்தப் பாட்டு, எந்த வரிசை என்று முடிவு செய்து வைத்திருந்தார். குழுவின் பாடகர் ஆண்டி பார்ட்ரிட்ஜுடன் கடுமையான உரசல் ஆனது, ஆல்பமோ அந்தக் குழுவின் மிகச் சிறந்தவற்றில் ஒன்றானது.

பணம் வருமா? பாட்டின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'ஹலோ இட்ஸ் மீ'யை அவர் முதலில் நாஸ் குழுவுக்காக எழுதினார், பிறகு தானே மறுபடி பதிவு செய்தார், 1974ல் ஐஸ்லி பிரதர்ஸும் பாடினார்கள். யார் பாடினாலும் எழுதியவருக்குப் பங்கு உண்டு. 1980களின் தொடக்கத்தில் வந்த 'பேங் த டிரம் ஆல் டே' பெரிய ஹிட் இல்லை. விளையாட்டு மைதானத்திலும் கப்பல் சுற்றுலா விளம்பரத்திலும் ஒலித்து ஒலித்துப் பல ஹிட் பாடல்களைவிட நீண்ட ஆயுள் பெற்றது.

நீங்கள் பாட்டு வெளியிடும் முன் பாட்டு எழுதுபவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகி, வரி, மெட்டு இரண்டையும் உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. (பதிவை அடையாளம் காட்டும்) எண் வேண்டும். 2012 பதிப்புரிமைத் திருத்தத்தின்படி, பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டி உரிமையை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. அப்படி எழுதி வாங்கும் ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் அடுத்தவர் பாட்டுக்கு ஒலி அமைத்துக் கொடுக்கும்போது இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. காகிதத்தில் இருப்பதுதான் கிடைக்கும். மேற்கத்திய வழக்கில் புரொட்யூசருக்கு ராயல்டியாக 3 முதல் 4 சதவீதம். இங்கே பலரும் ஒரே தொகையாக வாங்கிக்கொள்கிறார்கள். அதுவும் சரிதான், பாதியை முன்பணமாக வாங்கினால். பதிவின் மூல (ரா) ஃபைல்களைக் கடைசித் தவணை வந்த பிறகே கொடுங்கள். மெட்டில் நீங்கள் கை வைத்திருந்தால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று அன்றைக்கே, அதே அறையில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பாட்டு ஓடிய பிறகு அந்தத் தாளில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.