பின்பூக்கும் ஆஸ்டர்: இம்மாதக் கேள்வி-பதில்

கனடாவில் இலையுதிர்காலம் தொடங்கியதும் வழக்கம்போல் ஆஸ்டர் பூச்செடி பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே விடயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் எழுதியுள்ளேன். ஒரு பருவத்தில் மடியும் சீன ஆஸ்டர் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். அது வேறு செடி. இங்கே பேசுவது ஆண்டுதோறும் வேரிலிருந்து தளிர்க்கும் பல்லாண்டு ஆஸ்டரைப் பற்றி மட்டுமே.

சென்ற செப்ரெம்பரில் பூத்துக் குலுங்கிய ஆஸ்டர் தொட்டிகள் நான்கு வாங்கி, பூ முடிந்தபின் ஒக்ரோபர் கடைசியில் நிலத்தில் நட்டேன். வசந்தத்தில் ஒன்றுகூடத் தளிர்க்கவில்லை. பல்லாண்டுச் செடி என்றுதானே கடையில் சொன்னார்கள்? (ஸ்காபுறோ)

கடையில் பொய் சொல்லவில்லை. செடி பல்லாண்டுச் செடிதான். அதைப் பல்லாண்டு வாழவிடாத நேரத்தில் வாங்கி, அதைவிட மோசமான நேரத்தில் நட்டிருக்கிறீர்கள். ஒவ்வோர் ஆண்டும் இதே கடிதம் வருகிறது, ஒவ்வோர் ஆண்டும் இதையே எழுதுகிறேன். செப்ரெம்பரில் கடை வாசலில் அடுக்கப்படும் தொட்டிகள் பெரும்பாலும் கண்ணாடி வீட்டில் பகல் நேரத்தைக் கூட்டிக் குறைத்துக் குறித்த வாரத்தில் பூக்கவைக்கப்பட்டவை. குட்டையாகவும் உருண்டையாகவும் இருப்பதற்காக வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்தும் பலவற்றுக்குக் கொடுத்திருப்பார்கள். வேர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி இறுகிப்போயிருக்கும். பலம் முழுவதையும் பூவுக்குச் செலவழித்துவிட்ட அந்தச் செடி, மண் உறைவதற்குமுன் புது வேர் விட ஏறக்குறைய ஆறு வாரமாவது வேண்டும். நீங்கள் கொடுத்ததோ ஓரிரு குளிர்ந்த வாரங்கள். அதன்பின் மண் உறைந்தும் இளகியும் மாறிமாறி வர, வேர்ப்பந்து மேலே தள்ளப்பட்டுக் காற்றில் காய்ந்திருக்கும். உங்கள் பகுதியின் களிமண்ணில் நீர் தேங்கி அழுகியிருக்கவும் கூடும்.

ஆஸ்டரை மே மாதத்தில் வாங்குங்கள். அப்போது அது வெறும் பச்சை இலையாக நாற்றுப்பண்ணையின் ஒரு மூலையில் கிடக்கும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், விலையும் அதிகம் இராது. செப்ரெம்பரில்தான் வாங்குவேன் என்று அடம்பிடிப்பவர்கள் வாங்கிய வாரமே நட வேண்டும்; பூவைப் பாதியாவது வெட்டி, வேரை விரலால் பிரித்துவிட்டு, மண் உறையும்வரை தண்ணீர் விட்டு, உறைந்தபின் நான்கு அங்குலத்துக்கு உலர்ந்த இலை போட வேண்டும். அப்படிச் செய்தாலும் பிழைக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

என் ஆஸ்டர் ஐந்தடி வளர்ந்து, பூக்கும் நேரத்தில் சாய்ந்துவிடுகிறது. இப்போது வெட்டிவிடலாமா? (மார்க்கம்)

இப்போது வெட்டினால் பூவைத்தான் வெட்டுவீர்கள். உங்களிடம் இருப்பது ஒன்ராறியோவின் காட்டுச் செடியான நியூ இங்கிலாந்து ஆஸ்டர் என்று நினைக்கிறேன். நாலடி முதல் ஆறடிவரை வளர்வது அதன் இயல்பு. மே இறுதியில் ஓரடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். யூன் நடுவில் இன்னொரு முறை கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் பெருகும், உயரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும், பூ சில நாள் பிந்தும். யூலை முதலாம் தேதி வரும் கனடா தினத்துக்குப் பிறகு கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். பசளையையும் குறையுங்கள், நைதரசன் கூடிய செடிதான் முதலில் சாயும். கிள்ளுவதற்கும் சோம்பல் என்றால், ஒன்றரை அடியில் நின்றுவிடும் ‘பர்ப்பிள் டோம்’ வகையை நடுங்கள்.

இலைகளில் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளைப் பூச்சு. ஊரிலிருந்து கொண்டுவந்த பூஞ்சண மருந்து இருக்கிறது, அடிக்கலாமா? (பிராம்ப்டன்)

அடிக்கக் கூடாது. கனடாவில் பதிவு பெறாத மருந்தைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். ஒன்ராறியோவிலோ அழகுக்காகத் தோட்டத்தில் பெரும்பாலான இரசாயனப் பூச்சி, பூஞ்சண மருந்துகளை அடிப்பதற்கு 2009 முதல் தடையும் இருக்கிறது. அந்தப் போத்தலை நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்தில் ஒப்படையுங்கள், கழுவுதொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

உங்களுக்கு வந்திருப்பது சாம்பல் நோய். நியூயோர்க் ஆஸ்டர் வகைகளை இது மிக எளிதில் பிடிக்கும். மற்றப் பூஞ்சண நோய்கள் பலவற்றைப்போல இதற்கு இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. வேரடி காய்ந்து, செடிகள் நெருங்கி, இடையில் காற்று ஓடாமல் ஈரப்பதம் தங்கினால் போதும். ஆகவே யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வாரம் ஒருமுறை வேரடியில் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். வசந்தத்தில் முளைகளில் மூன்றில் ஒன்றைக் களையுங்கள். நோய் பெரும்பாலும் அடியிலைகளில்தான் தொடங்கும்; அவை உதிர்ந்தால் தண்டின் அடி மொட்டையாகிவிடும். முன்வரிசையில் ஏதேனும் குட்டைச் செடியை நட்டால் அந்த மொட்டைக் கால் கண்ணில் படாது. இந்த நோயால் ஆஸ்டர் சாவது அரிது.

மேப்பிள் மரத்தின் கீழ் ஆஸ்டர் வளருமா? (ஏஜாக்ஸ்)

நியூ இங்கிலாந்து ஆஸ்டர் வளராது. நீலச் சிறுபூக்கள் விடும் இதய இலை ஆஸ்டர், வெள்ளைக் காட்டு ஆஸ்டர் ஆகிய இரண்டும் வளரும். முதல் ஆண்டு மட்டும் தண்ணீரில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆஸ்டருக்குப் பக்கத்தில் தானாக முளைத்த கோல்டன்ரொட் மஞ்சளாகப் பூத்ததும் வீட்டில் எல்லோருக்கும் தும்மல். பிடுங்கிவிடவா? (மொன்றியல்)

பிடுங்க வேண்டாம். அதன் மகரந்தம் கனமானது, ஒட்டுந்தன்மை உடையது. தேனீயின் காலில் போகுமே தவிரக் காற்றில் பறக்காது. அதே வாரங்களில் பச்சை நிறத்தில், கண்ணுக்கே தெரியாமல் பூக்கும் ராக்வீட்தான் உங்கள் தும்மலுக்குக் காரணமாக இருக்கக்கூடும். அதை வேலியோரத்தில் தேடிப் பிடுங்குங்கள். கோல்டன்ரொட்டும் ஆஸ்டரும் சேர்ந்து பூப்பதை, மெக்சிக்கோ நோக்கிப் பறக்கும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் உங்களைவிட நன்றாக மதிக்கின்றன.

ஆஸ்டர் பூக்கவில்லை. ஏன்? (ஊர் குறிப்பிடவில்லை)

என்ன வகை, எங்கே நட்டீர்கள், எத்தனை மணி நேரம் வெயில், கடைசியாக எப்போது கிள்ளினீர்கள் என்று ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் சோதிடம்தான் பார்க்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த வெயில், யூலை தொடங்கியபின் கிள்ளியது, இரவில் இளம் முளைகளைத் தின்னும் முயல் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கலாம். பகல் குறையக் குறைய மொட்டுக் கட்டும் செடியாதலால், இரவு முழுவதும் எரியும் தெருவிளக்கும் பூவைப் பிந்தச் செய்யலாம். அடுத்த முறை விவரமாக எழுதுங்கள்.

புதரின் நடுப்பகுதி செத்து, வளையம்போல் ஓரத்தில் மட்டும் தளிர்க்கிறது. (பிக்கரிங்)

பிரிக்கும் காலம் கடந்துவிட்டது. ஏப்ரலில் முளை இரண்டு அங்குலம் வந்ததும் முழுப் புதரையும் தோண்டி, ஓரத்தில் நாலைந்து முளையுள்ள துண்டுகளை எடுத்து இரண்டடி இடைவெளியில் நடுங்கள். கட்டையாகிப்போன நடுவைக் கூட்டெருவில் போடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.

பூவின் நடுவிலிருந்து பச்சை இலைகள்போல் கோணலாக வளர்கின்றன. மருந்து உண்டா? (ஸ்காபுறோ)

இல்லை. தத்துப்பூச்சி பரப்பும் ஆஸ்டர் மஞ்சள் நோயாக இருக்கலாம். இன்றே வேரோடு பிடுங்குங்கள்.

‘பர்ப்பிள் டோம்’ விதை சேகரித்து வைத்திருக்கிறேன். எப்போது விதைக்கலாம்? (ஓஷவா)

முளைப்பவை ‘பர்ப்பிள் டோம்’ ஆகா. உயரமும் நிறமும் மாறும். அதே செடி வேண்டுமென்றால் பிரித்துத்தான் நட வேண்டும். ஆசைக்கு விதைப்பதென்றால் நவம்பரில் வெளியிலேயே தூவுங்கள், அல்லது ஈர மணலில் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் ஆறு வாரம் வைத்தபின் விதையுங்கள்.

பனி விழுமுன் தண்டுகளை வெட்டித் துப்புரவாக்க வேண்டுமா? (மார்க்கம்)

வேண்டாம். விதையைக் குருவிகள் தின்னும். கண்ட இடமெல்லாம் நாற்று முளைப்பது பிடிக்காதவர்கள் வாடிய பூக்கொத்தை மட்டும் நறுக்கலாம். தண்டை ஏப்ரல்வரை நிற்கவிட்டு, பிறகு ஓரடிக் கட்டை விட்டு வெட்டுங்கள். அந்தக் கட்டைகளில் சிறு காட்டுத் தேனீக்கள் கூடு வைக்கும், புதிய தளிர் யூனுக்குள் அவற்றை மறைத்துவிடும்.