சொல்லிக் காட்டுகிறாரா கடவுள்?

அன்புள்ள ஐயா,

பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகளை வாசித்து வருகிறேன். யாரை எடுத்தாலும் கடவுளுக்கு ஒரே மனக்குறைதான். இஸ்ரவேல் மக்களைப் பார்த்து, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்டேன், வனாந்தரத்தில் சோறு போட்டேன், நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்கிறார். செய்ததைச் சொல்லிக் காட்டுவது மனிதருக்கே அழகில்லையே. கடவுள் ஏன் நன்றிக்காக இப்படி ஏங்குகிறார்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த வசனங்களை மட்டும் தனியாக எடுத்தால் அப்படித்தான் தோன்றும். முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஆமோஸ் தெற்கே தெக்கோவாவில் ஆடு மேய்த்தவர். வடக்கு இஸ்ரவேலுக்குப் போய்ப் பேசினார். கி.மு. 8ஆம் நூற்றாண்டு, இரண்டாம் யெரொபெயாம் மன்னனின் காலம், நாட்டில் நல்ல செழிப்பு. தந்தக் கட்டில்களில் படுத்துக் கிடப்பவர்களை அவர் சாடுகிறார். அந்நாட்டின் தலைநகரான சமாரியாவில் நடந்த அகழாய்விலும் தந்த வேலைப்பாட்டுத் துண்டுகள் நிறையவே கிடைத்திருக்கின்றன. எகிப்திலிருந்து அழைத்து வந்ததை அவர் எந்த இடத்தில் நினைவூட்டுகிறார் தெரியுமா? ஏழையை ஒரு ஜோடிச் செருப்புக்காக விற்கிறீர்கள், அடகு வாங்கிய துணியை விரித்துப் பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே படுக்கிறீர்கள் என்று திட்டிய கையோடு. அடிமையாக இருந்து மீட்கப்பட்டவன் இன்னொருவனை அடிமையாக விற்கிறான். நன்றிகேடு என்று அவர் சொல்வது இதைத்தான்.

ஏசாயாவின் திராட்சைத்தோட்டப் பாட்டும் அப்படியே. கல் பொறுக்கி, நல்ல கொடி நட்டு, காவல் கோபுரம் கட்டியவருக்குக் கிடைத்தது கசப்புப் பழம். அவர் எதிர்பார்த்தது நியாயம், கண்டது இரத்தம் சிந்துதல் என்று பாட்டு முடிகிறது. அடுத்த வசனமே, வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்து வளைத்துப் போடுகிறவர்களுக்கு ஐயோ என்கிறது.

மீகாவைப் படித்தால் உங்கள் கேள்விக்கு நேரடியாகவே பதில் கிடைக்கும். “என் ஜனமே, நான் உனக்கு என்ன செய்தேன்?” என்று கடவுள் வழக்காடுகிறார். ஆயிரக்கணக்கில் ஆட்டுக்கடா தரட்டுமா, ஆறு ஆறாக எண்ணெய் ஊற்றட்டுமா என்று மனிதன் கேட்கிறான். அதில் எதுவும் வேண்டாம், நியாயம் செய், இரக்கத்தை நேசி, தாழ்மையாக என்னோடு நட என்பதுதான் பதில். கொஞ்சம் தள்ளி, கள்ளத் தராசு வைத்திருப்பவனைப் பற்றிப் பேச்சு வருகிறது. பட்ட கடனை அடுத்தவனிடம் தீர்க்கச் சொல்கிறவரை நன்றிக்கு ஏங்குகிறவர் என்று எப்படிச் சொல்வது?

மோசேயின் சட்டங்களைச் சொல்லும் உபாகமத்திலும் இதே கணக்குதான். வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டைத் திரும்பப் போய் எடுக்காதே, அது பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உரியது என்று சொல்லிவிட்டு, நீ எகிப்தில் அடிமையாக இருந்ததை நினைத்துக்கொள் என்கிறது.

எல்லா இடமும் இப்படி இதமாக இல்லை. எசேக்கியேல் 16இல், வீசியெறியப்பட்ட குழந்தையை எடுத்து வளர்த்த கதை, வளர்ந்த பெண்ணைத் தண்டிக்கும் இடத்துக்கு வரும்போது எனக்கு இன்றும் தாங்க முடிவதில்லை. அதை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் ஓசியா 11ஐ மறுபடி வாசியுங்கள். நடை பழக்கி, கையைப் பிடித்து நடத்தி, குனிந்து ஊட்டியதை எல்லாம் சொல்லும் அந்தக் குரல், தண்டனையையும் சொல்லிவிட்டு, “எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?” என்று உடைகிறது. எப்பிராயீம் என்பது வடக்கு இஸ்ரவேலுக்கு இன்னொரு பெயர். பழைய உதவியைச் சொல்லிக் காட்டுகிறவன் அந்தக் கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொள்ள மாட்டான்.

அன்புடன்.