நர்சிங் ஹோம் நல்லதா என்று பார்க்கும் முன், எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பாருங்கள்

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். அப்பாவுக்கு வயது 78. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இருக்கிறது. பக்கவாதம் வந்து ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து, "நாளைக்குள் ஒரு ரீஹாப் சென்டர் முடிவு பண்ணுங்கள்" என்றார்கள். மெடிகேர் தரும் ஐந்து நட்சத்திரம் என்று பார்த்து, ரீஹாப் (மறுவாழ்வுப் பயிற்சி) வசதியுள்ள ஒரு நர்சிங் ஹோமில், அதாவது பராமரிப்பு இல்லத்தில், சேர்த்தேன். டேப்லெட்டில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இன்றோடு 24 நாள் ஆகிறது. மணி அடித்தால் நாற்பது நிமிஷம் கழித்து வருகிறார்கள். பல்செட்டைத் தொலைத்துவிட்டார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு இங்கிலீஷ் வரவில்லை, தமிழ் மட்டும்தான் பேசுகிறார். புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு ஒன்றும் புரியாது என்பதுபோல் நடத்துகிறார்கள். பென்சில்வேனியாவில் வசதியாக இருக்கும் அண்ணன் "நீயே பார்த்துக்கொள்" என்று ஒதுங்கிவிட்டான். இதற்கு நடுவில் 838 டாலருக்குப் பில் வந்திருக்கிறது. நான் கட்டப்போவதில்லை. அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் வேறு ஒரு நர்சிங் ஹோம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு இடம் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இவர்கள் மேல் வழக்குப் போடலாமா? அப்பாவின் வங்கிக் கணக்கில் என் பெயரும் சேர்ந்து இருக்கிறது. பவர் ஆஃப் அட்டர்னி எதுவும் எழுதவில்லை.

பதில்:

மணிக்கு ஆள் வராதது, மருத்துவமனை அவசரப்படுத்தியது, அண்ணன் ஒதுங்கியது எல்லாமே வலிக்கிற விஷயங்கள்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் சட்டப்படி கனமான வரி, நீங்கள் போகிறபோக்கில் எழுதியது: டேப்லெட்டில் பத்துப் பன்னிரண்டு கையெழுத்து. நீங்கள் அனுப்பிய 58 பக்க ஒப்பந்தத்தைப் படித்தேன். உங்களுக்கு இன்னும் 6 நாள் இருக்கிறது. அதனால் இந்தப் பதிலை இங்கே எழுதும் முன்பே உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன்.

முதலில் அந்த 6 நாள். 37-ஆம் பக்கத்தில் இருப்பது ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம். நாளை அப்பாவுக்கு அங்கே என்ன நேர்ந்தாலும் நீதிமன்றம் போகமாட்டோம், தனியார் நடுவரிடம்தான் போவோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். மெடிகேர் பணமோ, வசதி குறைந்தவர்களுக்கான அரசு உதவியான மெடிகெய்ட் பணமோ வாங்கும் நர்சிங் ஹோம்களுக்கு 2019 செப்டம்பரிலிருந்து ஒரு மத்திய விதி இருக்கிறது. இதில் கையெழுத்துப் போட்டால்தான் சேர்ப்போம் என்று அவர்கள் சொல்லக்கூடாது. புரியும் மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும். போட்ட கையெழுத்தை 30 நாளுக்குள் திரும்பப் பெறலாம். ஞாயிற்றுக்கிழமையும் அந்த 30-இல் சேரும். "இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன்" என்று ஒரே வரி எழுதி, தேதி போட்டு, இன்றே நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். சான்றளிக்கப்பட்ட தபாலிலும் ஒன்று போகட்டும். அப்பா சார்பில் கையெழுத்துப் போட உங்களுக்கு அதிகாரமே இல்லை, அதனால் அது செல்லாது என்று பிறகு வாதாடலாம்தான். பல மாநில நீதிமன்றங்கள் அப்படிச் சொல்லியும் இருக்கின்றன. ஆனால் இன்று ஒரு கடிதத்தில் முடிகிற வேலையை நாளை ஒரு வழக்காக்க வேண்டாம்.

அடுத்து 4-ஆம் பக்கம். நோயாளி கையெழுத்துப் போட வேண்டிய கோடு காலியாக இருக்கிறது. அதற்குக் கீழே, விரலால் கிறுக்கிய உங்கள் பெயர். அந்தப் பெயருக்கு அடியில், கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிகிற எழுத்தில், "ரெஸ்பான்ஸிபிள் பார்ட்டி", அதாவது பொறுப்பேற்பவர். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள் என்று நினைத்துத்தான் போட்டிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

மத்திய விதி உங்கள் பக்கம் நிற்கிறது, கொஞ்ச தூரத்துக்கு. நோயாளியின் செலவுக்கு மகளோ மகனோ சொந்தப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று சேர்க்கும்போதும் சரி, தொடர்ந்து வைத்திருப்பதற்கும் சரி, நர்சிங் ஹோம் கேட்கவே கூடாது. அப்படி வாங்கிய உத்தரவாதத்தை வைத்துக் கடன் வசூலிப்பது சட்டமீறலாகலாம் என்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பும் மெடிகேர் நிர்வாகமும் 2022-இல் சேர்ந்தே எச்சரித்தன. இதைப் படித்துவிட்டுத்தான் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். என்னிடம் வந்தவர்கள் மாட்டிக்கொண்டது இதற்கு அடுத்த வாக்கியத்தில். நோயாளியின் பணத்தை எடுக்கச் சட்டப்படி வழி உள்ளவரிடம், அந்தப் பணத்திலிருந்து கட்டுவேன் என்று ஒப்பந்தம் வாங்கலாம் என்று அதே விதி சொல்கிறது. கூட்டுக் கணக்கில் உங்கள் பெயர் இருக்கிறது. அந்த "வழி உள்ளவர்" நீங்கள்தான் என்று அவர்கள் சொல்வார்கள்.

உங்கள் ஒப்பந்தத்தின் 11-ஆம் பக்கத்தை இன்னொரு முறை படியுங்கள். "தேவைப்பட்டால் மெடிகெய்டுக்கு உரிய காலத்தில் விண்ணப்பிப்பேன், கேட்கும் ஆவணங்களைத் தருவேன், தவறினால் ஏற்படும் நஷ்டத்துக்கு நான் பொறுப்பு." இது உத்தரவாதம் இல்லை, நீங்களே கொடுத்த வாக்கு. வழக்கு வரும்போது "உன் அப்பாவின் கடனைக் கட்டு" என்று வராது. "சொன்னதை நீ செய்யவில்லை, அதனால் எங்களுக்கு இவ்வளவு நஷ்டம்" என்று வரும்.

ஒருவர் கதையைச் சொல்கிறேன். அம்மாவை நர்சிங் ஹோமில் வைத்திருந்தார். இரண்டு மாதத்தில் மெடிகேர் நின்றது. "மெடிகெய்டுக்கு எழுதிப் போடுங்கள், வரும்வரை பொறுத்துக்கொள்கிறோம்" என்று அன்பாகவே சொன்னார்கள். நீண்டகாலப் பராமரிப்புக்கு மெடிகெய்ட் கேட்டால் பெரும்பாலும் ஐந்து வருஷத்துப் பணப் போக்குவரத்தைக் காட்ட வேண்டும். நடுவில் அம்மா ஊரில் வீடு கட்டத் தன் தம்பிக்குப் பணம் அனுப்பியிருந்தார். அதற்குக் காகிதம் கேட்டு மாமாவிடம் பேச இவருக்குக் கூச்சம். அடுத்த வாரம் கேட்கலாம், பண்டிகை முடியட்டும் என்றே ஐந்து மாதம் போய்விட்டது. ஆவணம் வரவில்லை என்று விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். அந்த மாதங்களுக்கெல்லாம் தனியார் கட்டணம் போட்டு, நர்சிங் ஹோம் இவர் மேலேயே வழக்குப் போட்டது. நான் என்ன வாதாடினாலும் அந்த 11-ஆம் பக்கம் போன்ற ஒரு பக்கம் எதிரே கிடந்தது. பேரம் பேசித்தான் முடித்தோம். பாதிக்கு மேல் அவர் சொந்தச் சேமிப்பிலிருந்து போனது.

இன்னொரு அம்மா, மரியாதைக்காக இரண்டு மாதப் பில்லைத் தன் சொந்த கிரெடிட் கார்டில் கட்டினார். மூன்றாம் மாதம் கட்ட முடியாதபோது, "இது தன் கடன் என்று அவரே ஒப்புக்கொண்டவர்" என்று அந்த இரண்டு ரசீதையும் நீட்டினார்கள். உங்கள் பணத்திலிருந்து ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். அப்பாவின் பணம் அப்பாவுக்காக மட்டுமே போகட்டும். கூட்டுக் கணக்குதானே என்று அதிலிருந்து உங்கள் வீட்டுச் செலவுக்கு எடுத்தாலும் நாளை அதற்குக் கணக்குக் கேட்பார்கள்.

சரி, 838 டாலர். அப்பாவின் பணத்திலிருந்து கட்டிவிடுங்கள். மெடிகேர் முதல் 20 நாளுக்கு முழுதும் கட்டும். 21-ஆம் நாளிலிருந்து 100-ஆம் நாள் வரை நோயாளியின் பங்கு உண்டு. 2025-இல் அது நாளுக்கு 209.50 டாலர். நான்கு நாளுக்கு 838. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்கு மெடிகேப் பாலிசி (மெடிகேர் விட்ட பங்கைக் கட்டும் தனியார் காப்பீடு) இருந்தால் முதலில் அங்கே அனுப்புங்கள், பெரும்பாலும் அவர்களே கட்டிவிடுவார்கள். கோபத்தில் நிறுத்தி வைத்தீர்கள் என்றால், நோயாளியை வெளியேற்றச் சட்டம் அனுமதிக்கும் சில காரணங்களில் ஒன்றை நீங்களே அவர்கள் கையில் கொடுக்கிறீர்கள்.

பல்செட்டுக்கு வழக்கு வேண்டாம், ஒரு கடிதம் போதும். பல்செட் தொலைந்தால் மூன்று நாளுக்குள் பல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், எப்போது அது தங்கள் பொறுப்பு என்று எழுத்தில் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தக் கொள்கையின் நகலைக் கேளுங்கள். புதிது செய்து கொடுத்தால் அதோடு முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் முடிக்கும்போது "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு காகிதம் நீட்டுவார்கள். பல்செட் தவிர வேறு எதையும் அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நாற்பது நிமிஷத் தாமதம் மாநிலச் சுகாதாரத் துறைக்கும் ஆம்பட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளருக்கும் போக வேண்டிய புகார். எல்லா மாநிலத்திலும் நர்சிங் ஹோம்களுக்கென்று ஆம்பட்ஸ்மன் உண்டு, காசு கேட்கமாட்டார். உடம்பில் காயம் இல்லாமல் இது வழக்காக நிற்பது கடினம். அடுத்த முறை போகும்போது போர்வையை விலக்கி அப்பாவின் குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி மூன்றையும் பாருங்கள். தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது. அன்றே தேதியோடு படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுங்கள். அப்போது பேச்சே வேறு.

இன்னும் வராத ஒரு நோட்டீஸுக்கும் தயாராக இருங்கள். 100 நாள் என்பது உச்சவரம்பு. அத்தனை நாளும் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. "அப்பா முன்னேறவில்லை, மெடிகேர் நிற்கிறது" என்று இரண்டு நாள் அவகாசத்தில் ஒரு தாள் வரும். முன்னேற்றம் இல்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து நிறுத்தக்கூடாது. இருக்கும் நிலை மோசமாகாமல் காக்கத் தேர்ந்த ஆள் தேவைப்பட்டாலும் மெடிகேர் கட்ட வேண்டும் என்பது 2013-இல் மத்திய நீதிமன்றம் ஏற்ற சமரசத்திலேயே உறுதியானது. ஆனால் மேல்முறையீட்டுக்கான போன், மெடிகேர் நிற்பதாக அந்தத் தாளில் உள்ள தேதிக்கு முந்தின நாள் நண்பகலுக்குள் போக வேண்டும். தாளை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூப்பிடுபவர்கள்தான் அதிகம்.

இப்போது புது இடம். அதன் முன்கூடத்தையும் பியானோவையும் பார்க்க வேண்டாம். போவதற்கு முன்பே அட்மிஷன் ஒப்பந்தத்தை வெற்றாக அனுப்பச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் அதிலேயே பாதி தெரிந்துவிடும். நட்சத்திரங்களில் மூன்று சங்கதி கலந்திருக்கிறது: அரசு ஆய்வு, ஊழியர் எண்ணிக்கை, தர அளவுகள். கடைசியாகச் சொன்ன தர அளவுகளில் ஒரு பங்கு நர்சிங் ஹோம்களே பூர்த்தி செய்து அனுப்புவது. அரசு ஆய்வைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். மெடிகேரின் ஒப்பீட்டுத் தளத்தில் 2567 என்ற எண் கொண்ட ஆய்வறிக்கை முழுதாகக் கிடைக்கும். கடைசி அறிக்கையை அவர்களும் அங்கே வருபவர்கள் படிக்கும்படி வைத்திருக்க வேண்டும். படுக்கைப்புண், விழுதல், தவறான மருந்து இந்த மூன்றும் ஆண்டுக்கு ஆண்டு திரும்ப வருகிறதா என்று தேடுங்கள். அன்றைக்கு எத்தனை நர்ஸ், எத்தனை உதவியாளர் என்று தினமும் சுவரில் ஒட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய் அதைப் படித்துவிட்டு, கண்ணில் படும் ஆட்களை எண்ணுங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: மெடிகேர் நின்று மெடிகெய்டுக்கு மாறினால் அப்பா இதே கட்டிலில் இருப்பாரா? மெடிகெய்ட் கேட்கமாட்டோம் என்று வாக்குக் கொடுக்கச் சொன்னால் அது விதிமீறல், எழுந்து வந்துவிடுங்கள்.

அங்கே மாற்றினால் மெடிகேர் நாள் எண்ணிக்கை புதிதாகத் தொடங்காது, விட்ட இடத்திலிருந்து தொடரும். மெடிகெய்ட் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, நியூ ஜெர்சியில் தொடங்கிய விண்ணப்பம் கூட வராது. பென்சில்வேனியாவில் இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பைப் பிள்ளைகள் மேல் வைக்கும் சட்டம் அங்கே உயிரோடு இருக்கிறது. 2012-இல் அந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், தாயின் நர்சிங் ஹோம் கடன் சுமார் 93,000 டாலரை மகன் கட்ட வேண்டும் என்றது. மெடிகெய்ட் மேல்முறையீடு நிலுவையில் இருந்தது, வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். இரண்டுமே அவரைக் காப்பாற்றவில்லை. கட்ட வசதியில்லாத பிள்ளைக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. உங்கள் அண்ணனுக்கு வசதி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாமலே அவர் மாட்டலாம். நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்றாலும் இந்தப் பத்தியை மட்டும் அவருக்கு அனுப்புங்கள். மாற்றுவதற்கு முன் அந்த மாநிலத்தில் முதியோர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

கடைசியாக அப்பா. அவருக்கு இங்கிலீஷ் போயிருக்கிறது, புத்தி போகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் புது இடத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். அதைவிட முக்கியம், தெளிவாக இருக்கும்போதே பணத்துக்கும் மருத்துவத்துக்கும் தனித்தனியாகப் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிவிட வேண்டும். இன்னொரு பக்கவாதம் வந்து அந்தத் தெளிவும் போனால், நீதிமன்றத்தில் கார்டியன்ஷிப் கேட்டு மாதக்கணக்கில் அலைய வேண்டும். அவர் விஷயங்களைப் புரிந்து முடிவெடுக்கக்கூடியவர் என்று மருத்துவரிடம் குறிப்பு வாங்குங்கள். நோட்டரியும் சாட்சிகளும் வரும் நாளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் வையுங்கள். அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள், அதிகாரம் பெறப்போவது நீங்கள். வலது கை வரவில்லை என்றால் இடது கையால் போடட்டும். கோணலாக இருந்தாலும் அது அவர் கையெழுத்துதான்.