ஏழு பேருக்கு மனு அனுப்பியும் சாக்கடை நிற்கவில்லையே!

கேள்வி: சென்னை மாநகராட்சி எல்லைக்குள், புறநகர்ப் பகுதி ஒன்றில் வசிக்கிறோம். மூன்று மாதங்களாக எங்கள் தெருவில் கழிவுநீர்க் குழி வழிந்து வீட்டு வாசல்வரை ஓடுகிறது. மாநகராட்சி ஆணையர், மாவட்ட ஆட்சியர், முதலமைச்சர் உட்பட ஏழு பேருக்கு ஒரே நாளில் மூன்று பக்க மனு அனுப்பினோம். ‘உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று ஒரு பதில் வந்தது. குழி இன்னும் வழிகிறது. மனுவை எப்படி எழுதியிருக்க வேண்டும்?

பதில்: ஏழு பேருக்கு நீங்கள் அனுப்பிய மனு பல மேசைகளைக் கடந்து, கடைசியில் உங்கள் வார்டைப் பார்க்கும் ஓர் உதவிப் பொறியாளரிடம்தான் வந்து சேர்ந்திருக்கும். முதலமைச்சர் அலுவலகத்துக்குப் போனதும், திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுப்பதும் மேலிருந்து கீழே அனுப்பப்படும் மனுக்கள்தாம். அந்தப் பொறியாளர் ஒரே பதிலை எழுதினால் எல்லா மனுக்களும் முடித்து வைக்கப்பட்டதாகக் கணக்காகிவிடும். ஆகவே, மேலே தொடங்கிக் கீழே இறங்குவதைவிட, கீழே தொடங்கி ஒவ்வொரு படியாக மேலே ஏறுவதே பலன் தரும்.

அதற்கு முன் ஒரு சந்தேகம். அந்தக் குழி யாருடையது? சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. கழிவுநீர்க் குழாய் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. தெருவின் நடுவே வட்ட மூடிகளோடு வரிசையாகச் செல்வது பெரும்பாலும் கழிவுநீர்க் குழாய். ஓரமாகக் கான்கிரீட் பலகைகளால் மூடப்பட்டிருப்பது மழைநீர் வடிகால். உங்கள் வருணனையைப் பார்த்தால் இது வாரியத்தின் வேலை. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட மூவரில் வாரிய அதிகாரி ஒருவரும் இல்லை. மனு தவறான துறைக்குப் போனால் அதை உரிய துறைக்கு அனுப்பிவிட்டோம் என்பதே ஒரு நடவடிக்கையாகிவிடும். (மற்ற ஊர்களில் பாதாளச் சாக்கடையைக் குடிநீர் வடிகால் வாரியம் கட்டிக் கொடுத்திருந்தாலும், பராமரிப்பு பெரும்பாலும் அந்தந்த நகராட்சியிடமோ மாநகராட்சியிடமோ இருக்கும். வாகனப் போக்குவரத்து மிகுந்த பெரிய சாலை என்றால் அது நெடுஞ்சாலைத் துறையுடையதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

இனி மனு. மனுக்கள் வந்து குவியும் பக்கத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் மனுவை முதலில் படிப்பவர் அதிகாரி அல்லர், தபால் பிரிவின் எழுத்தர். அவர் பார்ப்பது ‘பொருள்’ என்ற ஒரு வரியைத்தான். அதை வைத்தே எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று குறிக்கிறார். ‘பொதுமக்கள் படும் அவதி தொடர்பாக’ என்று எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்:

‘பொருள்: மண்டலம் –, வார்டு –, … தெரு, கதவு எண் 14 எதிரில் உள்ள கழிவுநீர்க் குழி வழிதல் – குழாய் அடைப்பை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: … நாளில் தொலைபேசி வழியே அளித்த புகார், எண் …’

இந்தப் ‘பார்வை’ வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மனு ஒன்றுக்கு முன்வரலாறு உண்டு என்பதை அலுவலகம் அதிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. ஆகவே எழுத்து மனுவுக்கு முன்பே வாரியத்தின் புகார் எண்ணில் அழைத்துப் பதிவு செய்து, அவர்கள் தரும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவின் உடல் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்த நாளிலிருந்து வழிகிறது, எந்த நேரத்தில் அதிகம், எத்தனை வீடுகள் பாதிக்கப்படுகின்றன, இதற்கு முன் ஊழியர்கள் வந்து என்ன செய்தார்கள், எத்தனை நாளில் மீண்டும் வழிந்தது என்பவற்றை நாள் குறிப்பிட்டு எழுதுங்கள். கடைசியாகச் சொன்ன விவரம் மிக முக்கியம்: அடைப்பு எடுத்த நான்காம் நாளே மீண்டும் வழிந்தது என்றால், குழாய் உடைந்திருக்கலாம், மண் இறங்கியிருக்கலாம், அல்லது அடுத்த நீரேற்று நிலையத்தில் கோளாறு இருக்கலாம் என்று பொறியாளருக்கு உடனே புரியும். கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். தெருவிளக்கு, நாய்த் தொல்லை, ஆக்கிரமிப்பு ஆகியவற்றையும் அதே மனுவில் சேர்த்தால், எளிதான ஒன்றைச் செய்துவிட்டு மனுவையே முடித்துவிடுவார்கள். ‘லஞ்சம் வாங்கிக்கொண்டு’ என்ற சொற்களும் வேண்டாம். ஆதாரம் இருந்தால் அது வேறு மனு, வேறு துறை. குழி, பக்கத்து வீட்டுக் கதவு எண், தெருப்பலகை மூன்றும் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்து, அதே இடத்தில் நின்று சில நாள் கழித்து இன்னொன்றும் எடுத்து இணையுங்கள்.

பெயரும் கையொப்பமும் இல்லாத மொட்டைக் கடிதத்தை யாரும் தொடமாட்டார்கள். ஐம்பது பேர் கையொப்பத்தைத் தேடி அலையவும் வேண்டாம். பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர்கள் ஐந்தாறு பேர் கதவு எண்ணோடு கையொப்பமிட்டாலே போதும்.

மனுவை வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் நாளோடு முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்து, அந்த நகலை இணைத்துப் பகுதிப் பொறியாளருக்கும், அதன் பிறகே தலைமை அலுவலகத்துக்கும் 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணுக்கும் செல்லலாம். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்ற பதில் வரும் நாளன்றே குழியைப் படமெடுத்து, அந்தப் பதிலின் எண்ணையே அடுத்த மனுவின் ‘பார்வை’யில் எழுதுங்கள். பொய்ப் பதிலுக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

அப்படியும் அசையாவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்காதீர்கள். காரணம் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. என் மனு எந்த நாளில் யாரிடம் அனுப்பப்பட்டது, அவர் என்ன குறிப்பு எழுதினார், அந்தக் குழியில் அடைப்பு எடுத்ததற்கான பணிப்பதிவேட்டின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். கோப்பில் தன் பெயர் வெளிவரப் போகிறது என்று தெரிந்ததும், பதில் வருவதற்கு முன்பே ஊர்தி வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கடைசிப் படி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் இது 133ஆம் பிரிவாக இருந்தது. பொதுத் தொல்லையை நீக்கும்படி நிர்வாக நடுவர் (கோட்டாட்சியர் போன்ற அதிகாரி) இதன்கீழ் உத்தரவிடலாம். மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் திறந்த சாக்கடையால் அவதிப்பட்ட மக்கள் இதே வழியில்தான் போனார்கள். பணம் இல்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த இடம்வரை போக நேர்ந்தால், வழக்கறிஞர் முதலில் கேட்பது முத்திரையிட்ட நகல்களையும் நாள் குறித்த படங்களையும்தான். ஒரு கோப்பில் இன்றே சேர்க்கத் தொடங்குங்கள்.