காய்ச்சல் மாறியும் மாறாத களைப்பு: வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்

கேள்வி: டொக்டர், எனக்கு 41 வயது; ஆசிரியையாக இருக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் கொவிட் காய்ச்சல் வந்து ஒரு கிழமையில் மாறிவிட்டது. ஆனால் பழைய உடம்பு திரும்பவில்லை. சனிக்கிழமை வளவு கூட்டி, உடுப்புத் தோய்த்தால் அன்றைக்கு ஒன்றும் தெரிவதில்லை. திங்கட்கிழமை கட்டிலை விட்டு எழும்ப முடிவதில்லை. வகுப்பில் பிள்ளைகளின் பெயர் மறந்துபோகிறது. எழுந்து நின்றால் நெஞ்சு படபடக்கிறது. குருதிப் பரிசோதனை சரி என்கிறார்கள். வீட்டில் எல்லாம் மனப்பிரமை என்கிறார்கள். இன்னும் எதைப் பரிசோதிப்பது?
வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை வாசித்தது அந்தத் திங்கட்கிழமை பற்றிய வரியைத்தான். வேலை செய்த கையோடு வரும் களைப்பு எல்லாருக்கும் உள்ளது. ஓர் இரவு நன்றாக உறங்கினால் அது தீர்ந்துவிடும். வேலை முடிந்து அரை நாளோ, இரண்டு மூன்று நாட்களோ கழித்து வந்து, செய்த வேலைக்குச் சற்றும் பொருந்தாத அளவில் ஆளைப் படுக்கையில் போடும் தளர்வு வேறு வகையானது. வைரஸ் தொற்றுக்குப் பின் நீடிக்கும் நோயின் முக்கியமான அடையாளங்களுள் அதுவும் ஒன்று. அதை மனப்பிரமை என்று ஒதுக்குவது உங்களுக்குச் செய்யும் அநியாயம்.

கொவிட் தொற்றி மூன்று மாதங்கள் ஆன நிலையிலும் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதங்களாவது நீடித்து, வேறு நோயைக் காரணமாகக் காட்ட முடியாத களைப்பு, மூச்செடுக்கச் சிரமம், மறதி முதலியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் ஒரு தனி நோய்நிலையாக வரையறுத்தது. இதை உறுதிப்படுத்தும் ஒற்றைக் குருதிப் பரிசோதனை இன்றுவரை இல்லை. ஆகவே அறிக்கைகள் சரியாக இருப்பதை வைத்து நோயே இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

அதேவேளை, ‘வேறு நோயைக் காரணமாகக் காட்ட முடியாத’ என்ற சொற்களையும் இலேசாக எடுத்துவிடக் கூடாது. கொவிட்டின் மிச்சம் என்று மாதக்கணக்கில் பொறுத்திருந்த ஒரு தாய்க்குத் தைரோயிட் குறைபாடு இருந்ததை நான் கண்டிருக்கிறேன். மாத்திரை தொடங்கிய பிறகே அவர் தேறினார். உங்களுக்குச் செய்தவை எவை என்று அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். ஈமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின், தைரோயிட், மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி, உடம்பில் அழற்சி உண்டா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சீஆர்பி, சிறுநீரகத்துக்கான கிரியட்டினின், ஈசிஜி ஆகியவற்றுள் விடுபட்டதை வைத்தியரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் அவசியம்.

படபடப்புக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் படுத்திருந்து, மணிக்கட்டில் நாடித் துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ணி எழுதுங்கள். பின்பு எழுந்து நின்று, பேச்சும் நடையும் இல்லாமல், இரண்டாம், ஐந்தாம், பத்தாம் நிமிடங்களில் மீண்டும் எண்ணுங்கள். படுத்திருந்தபோது 74 ஆக இருந்தது நிற்கும்போது 104க்கோ அதற்கு மேலோ ஏறி அங்கேயே நின்றால், அதாவது 30 அல்லது அதற்கு மேல் கூடினால், அந்தத் தாளை வைத்தியரிடம் காட்டுங்கள். தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்கு உதவுவது ஒரு சீஆர் கொப்பி. இரண்டு கிழமைக்கு நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள்: ‘செவ்வாய்: வெயிலில் சந்தைக்கு நடை, அரை மணித்தியாலம். புதன்: சுகம். வியாழன்: தலைப்பாரம், பின்னேரம் முழுதும் படுக்கை.’ சனம் நிறைந்த கிளினிக்கில் உங்களுக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் வாயால் சொல்ல முடியாததை அந்தப் பக்கம் சொல்லிவிடும். எந்த அளவு வேலைக்குப் பிறகு விழுகிறீர்கள் என்பதும் அதில் தெரியவரும். அந்த அளவுக்குக் கீழே நின்று, வளவு கூட்டுவதையும் உடுப்புத் தோய்ப்பதையும் வெவ்வேறு நாட்களுக்குப் பிரித்துவிடுங்கள். உடற்பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று சொல்வோர் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள், ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு அது நோயைக் கூட்டக்கூடும்.

நெஞ்சுவலி, ஓய்விலும் மூச்சுத்திணறல், மயங்கி விழுதல், ஒரு கால் மட்டும் வீங்குதல், முகம் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவை வந்தால் கொப்பியும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கேள்வி: நான் 56 வயதுக் கைத்தறி நெசவாளன். சிக்குன்குனியா வந்து ஐந்து மாதம். சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது விரல்கள் மடங்குவதில்லை. பார்மசியில் வாங்கும் குளிசை போட்டால்தான் தறியில் இருக்கலாம். தொடர்ந்து போடலாமா?
வாசகர், மருதமுனை

பதில்: போட வேண்டாம். வைத்தியரின் துண்டில்லாமல் வாங்கும் நோவுக் குளிசைகள் நாட்பட்டால் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்டீரொயிட் கலந்திருந்தால் சீனியும் ஏறும். ஏற்கெனவே நாட்கணக்கில் போட்டிருந்தால், என்ன குளிசை என்று வைத்தியரிடம் காட்டி அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள், ஏனெனில் ஸ்டீரொயிட்டைத் திடீரென்று விடுவதும் ஆபத்து.

2006இன் இறுதியில் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இந்தக் காய்ச்சல் பரவிய காலத்தை நம் ஊர்ப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மணிக்கட்டு, விரல், கணுக்கால் நோவு பலருக்குக் கிழமைகளில் மாறினாலும், சிலருக்கு மூன்று மாதம் கடந்தும் நீடிக்கிறது. காலைநேர இறுக்கம் எத்தனை நிமிடம் இருக்கிறது, எந்த மூட்டு வீங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கம் அரை மணித்தியாலத்துக்கு மேல் நீடித்து, வீக்கமும் இருந்தால், முடக்குவாதமா என்று அறிய ஆர்எப், அன்ரி சீசீபி ஆகிய இரண்டு குருதிப் பரிசோதனைகள் தேவைப்படும். போதனா வைத்தியசாலை போன்ற பெரிய இடத்துக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். இளஞ்சூட்டு நீரில் கையை வைத்து விரல்களை மெல்ல மடக்கி நீட்டிய பின் தறிக்குப் போங்கள்.

கேள்வி: டெங்கு வந்து இரண்டு மாதத்தின் பின் மகளுக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. வழுக்கையாகிவிடுமா?
தாய் ஒருவர், திருக்கோவில்

பதில்: ஆகாது, அம்மா. கடும் காய்ச்சலின்போது வளர்ச்சியை நிறுத்திய முடிகள் இரண்டு மூன்று மாதங்கள் கழித்து ஒன்றாக உதிர்கின்றன, வேர் கெடுவதில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் உதிர்வு தணிந்து புதுமுடி முளைக்கும். அதற்கு மேலும் தொடர்ந்தால் பெரிட்டினையும் தைரோயிட்டையும் பாருங்கள். எண்ணெய் மாற்றிச் செலவழிக்கும் காசுக்கு முட்டையும் மீனும் முருங்கையிலையும் வாங்கிக் கொடுங்கள்.